மரக்கட்டையில் செதுக்கிய மீன்பண்ணை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புகைப்படத்தை அப்படியே பத்திரிகையில் அச்சிட முடியாத 19ஆம் நூற்றாண்டில், படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். பாக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த முகத்தில் இடம் வலம் மாற்றிச் செதுக்குவார்கள். எழுத்துகளோடு சேர்த்தே அச்சில் ஏற்றலாம் என்பதுதான் வசதி.

அப்படி அச்சான படங்களில் மீன் வளர்ப்பும் உண்டு. 1852இல் பிரான்சின் உனிங் ஊரில் அரசு உதவியோடு மீன்குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கியது. பேராசிரியர் கோஸ்த் வகுத்த முறையில், படிப்படியாகத் தொட்டிகளை அடுக்கி, உள்ளே கண்ணாடிக் குச்சித் தட்டிகளில் முட்டைகளைப் பரப்புவார்கள். மேல் தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே கெட்டால் கீழே எல்லாம் போச்சு!

சென்னை மாகாணத்திலும் 1907இல் சர் பிரெடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் மீன்துறை தொடங்கியது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. அதுவும் அடுக்குத் தொட்டிதான். கழிவுநீர் கலந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசித்துத் தப்பிக்கும். கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கும். ஆகவே, "மீன்தான் துள்ளுகிறதே" என்று நாம் சமாதானம் அடையக் கூடாது.

இரண்டே வேண்டுகோள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த நம் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த வேண்டாம். கழிவுநீர் லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் கைகொடுங்கள்.