யானை போட்ட மாலை

(சங்க ஆண்டு விழாவில் திரைப்படம் காட்டியபின் ஆற்றிய உரை)



இப்போது நாம் கூடிப் பார்த்த 'சரஸ்வதி சபதம்' 1966-இல் வந்த படம், ஏ.பி. நாகராஜன் எடுத்தது. ஊரில் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து இதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே பலர் உண்டு. ஊமை வாய் திறந்தபோது எல்லோரும் கை தட்டினோம். தட்டியதோடு கலைந்துவிடாமல் கொஞ்சம் யோசிப்போம்.

கல்வியா, செல்வமா, வீரமா என்று தேவியர் மூவருக்குள் போட்டி. சண்டை மேலே, அகப்பட்டுக்கொண்டவர்கள் கீழே. ஊமை புலவனாகிறான். கோழை சேனாதிபதியாகிறான். பிச்சைக்காரப் பெண்ணுக்குப் பட்டத்து யானை மாலை போடுகிறது, அவள் அரசியாகிறாள்.

நேற்றுவரை தெருவில் கையேந்தி நின்றவள் அவள். அரியணை ஏறியதும் பசித்தவர்களின் கணக்கையா கேட்டாள்? தன்னைப் புகழ்ந்து பாடச் சொல்லிப் புலவனைக் கேட்டாள். மறுத்தவனைச் சிறையில் தள்ளினாள். ஏன்? மாலை போட்டது யானை. ஊராரை யாரும் கேட்கவில்லை. ஆகவே ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. தெய்வம் தந்த வரமே ஆனாலும், கேட்பாரில்லாத அதிகாரம் இப்படித்தான் முடியும்.

அரசியை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. நமது குழாய்த் தண்ணீர் விவகாரத்தில் என்ன நடந்தது? மனு எழுதியவர் 'என் படிப்பு' என்றார். பணம் போட்டவர் 'என் காசு' என்றார். அதிகாரி முன் துணிந்து நின்றவர் 'என் தைரியம்' என்றார். மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் வேலை இரண்டு மாதம் நின்றது. அந்த இரண்டு மாதமும் குடம் சுமந்து அடுத்த தெருவுக்கு நடந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்த மனுவை எழுதியவர் நாமே. அந்தக் கர்வத்தில் நமக்கும் பங்கு உண்டு. இதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றும் சமம், மூன்றும் சேர்ந்தால்தான் வாழ்வு என்று படம் முடிகிறது. நமக்கு அதைச் சொல்ல எந்தத் தேவியும் இறங்கி வரப்போவதில்லை. அடுத்த மாதம் நமது சங்கத்தில் நிர்வாகிகள் தேர்தல். இங்கே பட்டத்து யானை கிடையாது; மாலை உங்கள் கையில் இருக்கிறது. போடுமுன் கேள்வி கேளுங்கள். போட்டபின் வரவு செலவுக் கணக்குக் கேளுங்கள். முக்கியமாகத் தாய்மார்கள் வந்து வாக்களிக்க வேண்டும். குடம் சுமந்தவர்கள் கேட்டால்தான் குழாயில் தண்ணீர் வரும்.