வாயுவைக் கூட்டினால் எண்ணெய் கூடுமா?

கிந்தா பள்ளத்தாக்கின் குனோங் ராபாட்டில் இருப்பவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் மலை தெரியும், ஈயக்குட்டை தெரியும். எண்ணெய்க் கிணற்றுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த காலத்தில், குழிக்குள் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேறு பம்ப் வழியாக, உயரத்தில் கட்டிய பாலோங் என்ற சரிவு வாய்க்காலுக்கு ஏறும். அங்கிருந்து சரிவில் ஓடும்போது கனமான ஈயமணல் அடியில் தங்கும். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது; சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஸ்ரீ இஸ்கண்டாரில் அப்படிக் கைவிட்ட குழிகள் ஏரிகளாகி, அவற்றின் நடுவே 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே பெட்ரோலியப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் கவலை அதேதான்: கீழே கிடப்பதை எப்படி மேலே ஏற்றுவது?

நம் நாட்டின் எண்ணெய்க் கதை 1910இல் சரவாக்கின் மிரியில் தொடங்கியது. இப்போது கிணறுகள் பெரும்பாலும் சபா, சரவாக், திரெங்கானு கடல்களில். புதுக் கிணற்றில் நிலத்தடி அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். வருஷம் போகப் போக அந்த அழுத்தம் இறங்கும். 2,000 மீட்டர் உயரத்துக்குக் குழாயில் நிற்கும் எண்ணெய், அடியில் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 170 மடங்கு கனத்தோடு அழுத்தும். கிணறு மூச்சுத் திணறி நின்றுபோகும்.

அப்போது கைகொடுப்பது கேஸ் லிஃப்ட். எண்ணெயோடு வரும் இயற்கை எரிவாயுவையே பிரித்து, அழுத்தி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகக் கீழே அனுப்புகிறார்கள். ஆழத்திலுள்ள வால்வு வழியாக அது எண்ணெய்க்குள் நுழைந்து குமிழிகளாகக் கலக்கும். பாரம் குறையும்; மிச்சமிருக்கும் அழுத்தமே போதும், எண்ணெய் ஏறிவிடும். சாதாரணக் காற்று ஆகாதா? அதிலுள்ள ஆக்சிஜன் குழாயை அரிக்கும், வெடிக்கவும் வைக்கும்.

வீட்டு மீன் தொட்டியில் பஞ்சு வடிகட்டி இருந்தால், இந்த வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி ஏற ஏற, குழாயில் தண்ணீரும் சேர்ந்து ஏறும். காற்றை ஓரளவு கூட்டினால் தண்ணீர் கூடும். மேலும் கூட்டினால் குழாய் முழுக்கக் காற்றுதான், தண்ணீர் குறைந்துவிடும்.

கிணற்றிலும் அதே கதை. வாயுவைக் கூட்டும்போது முதலில் எண்ணெய் வேகமாகக் கூடும், பிறகு மெதுவாக, பிறகு குழாய்க்குள் உராய்வு மிகுந்து இறங்கவே தொடங்கும். அந்த உச்சிவரை போவதும் பல நேரம் வீண் செலவு. வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்கு எரிபொருள் வேண்டுமே.

இன்னொரு சிக்கல், ஒரே கம்ப்ரசரைப் பல கிணறுகள் பங்குபோடுவது. அதிகம் தரும் கிணற்றுக்கே அதிகம் கொடுப்போம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அது தப்பு. ஒரு பேச்சுக்கு, கூடுதலாகக் கொடுக்கும் அதே அளவு வாயுவுக்குப் பெரிய கிணறு 10 பீப்பாய் கூட்டித் தருகிறது, சின்னது 40 தருகிறது என்று வையுங்கள். வாயு சின்னதுக்குத்தான் போக வேண்டும், இரண்டின் கூடுதல் பலனும் சமமாகும்வரை. இந்தப் பங்கீடு சரியாக இருந்தால், புதுக் கிணறு தோண்டாமலேயே உற்பத்தி கூடும்.

கணக்கு சரியாக இருந்தும் எண்ணெய் குறைந்தால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கிணற்றை எழுப்பும்போது எடுத்த எடுப்பில் அடிவரை வாயுவைத் தள்ள அழுத்தம் போதாது. அதனால் படிப்படியாகப் பல வால்வுகள் வைத்திருப்பார்கள். கீழே வாயு இறங்க இறங்க மேலே உள்ளவை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஒழுகினால் வாயு பாதி வழியிலேயே உள்ளே புகுந்துவிடும். மீட்டரில் வாயுவின் அளவு சரியாகத்தான் காட்டும், அடியில் கிடக்கும் பாரம் அப்படியே இருக்கும். நல்லவேளையாக, குழாய் முழுவதையும் உருவ வேண்டியதில்லை. மெல்லிய கம்பியில் கருவியை இறக்கிக் கெட்ட வால்வைக் கழற்றி, புதியதை மாட்டலாம்.

கிணற்றில் எண்ணெயோடு ஏறும் தண்ணீரின் பங்கு கூடிக்கொண்டே வருவதால், போன வருஷக் கணக்கு இந்த வருஷம் செல்லாது. ஒவ்வொரு கிணற்றையும் முறைவைத்துச் சோதனைக் கலத்துக்குத் திருப்பி, எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றையும் தனித்தனியே அளக்கிறார்கள். கம்ப்ரசர் தரும் வாயு திடீரென்று குறைந்துவிட்டால் எந்தக் கிணற்றுக்கு முதலில் வாயுவை நிறுத்துவது என்பதையும் இந்த அளவுகளை வைத்தே முடிவு செய்கிறார்கள்.