குறட்டையும் மூச்சடைப்பும்

(நம் சங்கத்தின் பெசன்ட் நகர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கு மருத்துவப் பொருளில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் குறட்டை. நகைக்காதீர்கள், நகைத்தே கெடுகிறோம் என்று சொல்லத்தான் வந்தோம்.

ஒருவர் குறட்டைவிட்டுத் தூங்கினால் அவர் கவலையற்று உறங்குகிறார் என்று கொள்வது நம்மவர் வழக்கம். கும்பகருணன் என்று பட்டஞ் சூட்டுவோம். கல்யாணச் சத்திரத்திலே அவர் பக்கத்தில் பாய் விரித்தவர் படும் பாட்டை மறுநாட் பந்தியிலே சொல்லிச் சிரிப்போம். அவ்வோசை ஏன் எழுகின்றது என்று கேட்டவர் மிகச் சிலரே.

நாம் உறங்குங்கால் உடலின் தசைகள் தளர்கின்றன. நாவின் அடிப்புறமும், உள்நாக்கைச் சார்ந்த மெல்லிய அண்ணமும் தளர்ந்து பின்னே சாய, தொண்டையிலுள்ள மூச்சுக் குழல் குறுகுகின்றது. குறுகிய வழியிலே காற்றுப் புகும்போது அத்தசைகள் அதிர்கின்றன, அதுவே குறட்டை. அம்மட்டில் நின்றால் பெருந்தீங்கில்லை. சிலருக்கோ அவ்வழி முழுவதும் அடைபட்டுப் போகின்றது. மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயல்கின்றன, காற்றோ உட்செல்வதில்லை. குறட்டை திடீரென்று நிற்கின்றது. அயலில் இருப்பவர் ‘அப்பாடா, ஓய்ந்தது’ என்று மகிழும் அந்தக் கணமே ஆபத்தான கணம் என்க. குருதியிலே பிராணவாயு குறைகின்றது. மூளை அதனை உணர்ந்து உறக்கத்தைக் கலைத்துத் தசைகளை இறுகச் செய்கின்றது. பெருஞ் செருமலோடு மூச்சு மீள்கின்றது. உறங்குபவர் தாம் விழித்ததை அறியார். மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. இதனை மருத்துவர் ‘ஸ்லீப் ஏப்னியா’ என்பர். ஏப்னியா என்பது கிரேக்கச் சொல்; மூச்சின்மை என்பது பொருள். துயில் மூச்சடைப்பு என்று யாம் தமிழில் வழங்குவோம்.

மூச்சு 10 வினாடியேனும் நின்றால் அதனை ஓர் அடைப்பாக எண்ணுகின்றனர். மூச்சு முழுதும் நில்லாது மிகக் குறைந்து போதலும் இக்கணக்கிற் சேரும். மணிக்கு 5 முதல் 14 வரை நேர்ந்தால் இலேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி உறக்கத்தில் 210 முறை. ஓர் இரவிலே இருநூற்றுப் பத்து முறை ஒருவரைத் தட்டி எழுப்பினால் அவர் மறுநாள் எப்படி இருப்பார்? காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவிலே பலமுறை சிறுநீருக்கு எழுதல், பகலிலே நாளிதழை விரித்தவுடன் கண் சொருகுதல், எளிதிற் சினம். மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதலும், பக்கவாதமும் இந்நோயுடையாரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவர்களுள் கார் ஓட்டுபவர் நிலை இன்னும் அஞ்சத்தக்கது. நம் இளைஞர் பலர் பழைய மாமல்லபுரம் சாலையில் இரவு வேலை முடித்துத் தாமே வண்டி செலுத்தி வருகின்றனர் என்பதை நினைவூட்டுகிறோம்.

இந்நோய் எங்கோ உள்ளதன்று. நம் சென்னையிலேயே மதராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனைச் சார்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆராயப்பட்டோருள் நூற்றுக்கு 40 பேர் குறட்டைவிடுவோர் என்று கண்டனர். குறட்டைவிடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். இந்நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு இம்மூச்சடைப்பு உண்டு. இந்தித் திரையிசையாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ஆம் நாள் மும்பையிலே தமது 69-ஆம் வயதில் காலமானபோது, அவருக்கு மருத்துவஞ் செய்தவர்கள் இந்நோயையே காரணமாகச் சொன்னார்கள். அச்செய்தி வந்த வாரத்தில் எல்லாரும் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் மறந்தார்கள்.

நிற்க. இந்நோயின் விசித்திரம் ஒன்று உண்டு. மற்றை நோய்களிலே நோயாளியே ‘எனக்கு வலிக்கிறது’ என்று மருத்துவரிடம் முறையிடுகிறார். இந்நோயிலோ நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சாட்சி மற்றொருவர், பெரும்பாலும் மனைவியார். விளக்கணைத்த அறையிலே கணவரின் மூச்சு நின்றதைக் கேட்டு, எண்ணிக்கொண்டு, தோளைத் தொட்டுப் பார்த்து, மீண்டதும் பெருமூச்சு விட்டுத் தாமும் துயிலாது கிடக்கும் தாய்மார்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் காலையிலே சொன்னால் கிடைக்கும் விடை என்ன? ‘நானா! குறட்டையா! நீதான் கனவு கண்டாய்’ என்பது. குடும்பத்திலே வயதிற் பெரியவர் குறட்டையைப் பற்றி மருமகள் வாய் திறத்தல் மரியாதை அன்று என்றும் கருதுகின்றோம். கண்கண்ட சாட்சியை வாயடைத்துவிட்டு வழக்கை எங்ஙனம் தீர்ப்பது? பெண்மக்களுக்கும் இந்நோய் வரும்; மாதவிடாய் நின்றபின் மிகுதியாக வரும். அவர்களிடத்தே ஓசை குறைவாகவும் களைப்பும் தூக்கமின்மையும் மிகுதியாகவும் இருத்தலால், வீட்டு வேலையின் அசதி என்று தள்ளிவிடுகின்றனர்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எம் தொழிலைச் சார்ந்தது. வாயைத் திறந்து மூச்சு விடும் பையன், முதற் பாடவேளையிலேயே மேசைமேற் சாயும் பையன், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பையன் ஆகியோருக்கு ‘மந்தம்’ என்றும் ‘துஷ்டன்’ என்றும் பெயரிட்டுப் பெஞ்சின்மேல் ஏற்றுவது பள்ளிக்கூடத்தின் பழைய மருத்துவம். அவர்களுள் சிலருக்குத் தொண்டையின் இரு பக்கத்து டான்சிலும், மூக்கின் பின்னுள்ள அடினாய்டும் பருத்து இரவிலே மூச்சை அடைக்கின்றன. காது மூக்குத் தொண்டை மருத்துவர் அவற்றை அகற்றிய பின், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக உறங்கத் தொடங்குகின்றனர். பிள்ளை இரவிலே குறட்டைவிடுகிறானா என்று பெற்றோரை ஒரு வார்த்தை கேட்க ஆசிரியருக்குச் செலவு ஒன்றுமில்லை.

பருத்தவர்க்கே இது வரும் என்பது பாதி உண்மை. கழுத்துத் தடித்தால் குழல் நெருக்குறும். ஆனால் சிறிய, பின்வாங்கிய தாடையுடைய மெலிந்தவர்க்கும் வரும். உடல் எடையை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் அடைப்புக்களின் எண்ணிக்கை கால் பங்கு குறையும் என்று 2000-த்தில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. எலியட்ஸ் கடற்கரையில் விடியலிலே நடக்கும் அன்பர்களைக் கண்டு மகிழ்கிறோம். நடந்து முடித்து நேரே நெய்ப் பொங்கலும் வடையும் நாடிச் செல்வதைக் கண்டு அவ்வளவு மகிழ்வதற்கில்லை. மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுத்தல் சிலருக்குப் பயன்படும். மதுவும், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலுந் தளர்த்துவன. குறட்டை நிறுத்துவதாக விற்கப்படும் மூக்குக் கிளிப்புகளை நம்பிக் காலங் கழிக்க வேண்டா.

கடுமையான நோய்க்கு முற்காலத்தில் கழுத்திலே துளையிடுவதே வழியாக இருந்தது. ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியாக ஓயாது காற்றழுத்தம் செலுத்தினால் தொண்டைக் குழல் சுருங்காது நிற்கும் என்று கண்டு 1981-இல் வெளியிட்டார். அதுவே இன்று ‘சீபேப்’ எனப்படும் கருவி. அது பிராணவாயு உருளை அன்று; அறைக் காற்றையே அழுத்தித் தருவது. துருத்தி ஊதிய தோற்பை மடங்காது நிற்றல் போல்வது. இரவு முழுதும் ஆய்வுக்கூடத்திலோ, இலேசான கருவியை அணிந்து வீட்டிலோ உறக்கத்தை அளந்த பின்னரே மருத்துவர் அழுத்தத்தைக் குறிப்பார். முதற் சில வாரம் முகமூடி உறுத்தும். அளவை மாற்றக் கேட்க வேண்டும். பெட்டியிலே பூட்டி வைத்தலாகாது. இக்கருவி பகலுறக்கத்தையும் மனச்சோர்வையும் தெளிவாகக் குறைக்கின்றது. மாரடைப்பைக் குறைக்கும் என்று மட்டும் உறுதி கூறுதற்கில்லை: 2016-இல் வெளிவந்த பேராய்வு ஒன்றில் அப்பயன் காணப்படவில்லை. அதிற் சேர்ந்தவர்கள் இரவொன்றுக்குச் சராசரியாக மூன்று மணிக்குச் சற்று மேலாகவே அணிந்தனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர், 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனியார் உள்ளிருந்த நுரைப்பொருள் சிதைவதால் பல மாதிரிகளைத் திரும்பப் பெற்றதை அறிந்து வாங்குக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் நகரில் மின்சாரம் இல்லாதிருந்த இரவுகளை எண்ணி, மின்கலம் ஒன்று துணைக்கு வைத்தல் நலம். மிதமான நோய்க்குத் தாடையை முன்னே நிறுத்தும் பற்சாதனமும் உண்டு. மிகப் பருத்தவர்க்கு, 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை இந்நோய்க்கென அனுமதித்தது.

கருவியைப் பெற்ற பின்னும் ஒரு தடை உண்டு. அது நம்மால் ஆவது. பெண் பார்த்து நிச்சயமான இளைஞர் ஒருவர், ‘மாமனார் வீட்டார் கண்டால் மாப்பிள்ளை நோயாளி என்பார்களே’ என்று அஞ்சி ஆறு திங்களாக அதனைத் தொடவில்லை என்று எம்மிடம் கூறினார். அவர் நாள்தோறும் கார் ஓட்டுபவர். மூக்குக்கண்ணாடி அணிந்த வரனை வேண்டாமென்பார் யாரும் இல்லை. இதுவும் இரவிலே அணியும் ஒரு கண்ணாடியே. சங்கத்தின் வரன் பதிவேட்டைப் பார்க்கும் பெரியவர்கள், இதனைக் கேட்டு ஒருவரைத் தள்ளும் வழக்கம் நம்மிடையே முளைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மருத்துவர்கள் வழங்கும் எட்டுக் கேள்விகளைத் தமிழில் எழுதி வாயிலருகே வைத்திருக்கிறோம்: உரத்த குறட்டை, பகற்களைப்பு, மூச்சு நின்றதைப் பிறர் காணல், இரத்த அழுத்தம், மிகு பருமன், 50-க்கு மேற்பட்ட வயது, தடித்த கழுத்து, ஆணாயிருத்தல். மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைக் காணுதல் வேண்டும். முதலிரண்டு கேள்விகளையும் மூன்றாவதையும் தாமே நிரப்ப வேண்டா. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அருகிற் படுப்பவர் கையிற் கொடுங்கள்.