கண் முகாமுக்கு நம் ஹாலைக் கொடுக்கலாமா?

(நம் நலச் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். வரிசை நகரவில்லை என்றால் ஜனங்களுக்கு எப்படிக் கோபம் வரும் என்று நன்றாகத் தெரியும். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்ச் சேவைச் சங்கம் ஒன்று இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்த, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தரைத்தள ஹாலைக் கேட்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இதுபற்றி நடந்த வாக்குவாதத்தை முழுக்கப் படித்தேன். வெளியாட்கள் இருநூறு முந்நூறு பேர் உள்ளே வருவார்கள், தொட்டித் தண்ணீர் காலியாகிவிடும், கழிப்பறை பாழாகும், கார் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர், "எல்லாம் போட்டோவுக்குத்தான்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

அந்தக் கடைசிக் குற்றச்சாட்டை நான் முழுக்க மறுக்கமாட்டேன். பதவியேற்பு விழா, பொன்னாடை, ஒரு தையல் மெஷினைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு கொடுக்கிற படம் எல்லாம் நானும் பார்த்தவன். ஒரு விழாவில் வரவேற்புரை முடியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

நம் கேட்டுக்குச் சாயங்காலம் மல்லிகைப்பூ கொண்டுவரும் ஆச்சியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒருநாள் பத்து ரூபாய் மீதி தரவேண்டிய இடத்தில் எனக்கு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார். கேஷியர் கண் சும்மா இருக்குமா? அப்புறம் கவனித்தேன். தாளை விரலால் நீவி, நீளத்தை வைத்துத்தான் எது என்ன நோட்டு என்று கண்டுபிடிக்கிறார். பூவையும் தடவித்தான் கட்டுகிறார். இரண்டு கண்ணிலும் புரை.

"முகாம் நடக்குது, போங்க ஆச்சி" என்று சொன்னேன். "போவணும்யா" என்றார். அடுத்த முகாமுக்கும் சொன்னேன். அதே பதில். நாலைந்து மாதம் இப்படியே போயிற்று. என் கடமை முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு, சங்கத்து உறுப்பினரான ஒரு துணிக்கடை அண்ணாச்சி வாசலில் பூ வாங்கும்போது இதைக் கேள்விப்பட்டு, ஆச்சியிடம் வேறு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் ஆச்சி போகல?"

"ஒரு நா பூக் கட்டலேன்னா அன்னைக்கு உலை வைக்க முடியாதுய்யா. கூட வர ஆளும் இல்ல. ஆப்ரேசன் பண்ணினா இருக்கிற கண்ணும் போயிரும்னு வேற சொல்லுதாவ."

மூன்று காரணங்கள். நான் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அண்ணாச்சி மூன்று நாள் பூ வருமானத்தைக் கையில் கொடுத்தார். தெருவில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவைக் கூட்டிவந்து பேசவைத்தார். முகாம் அன்று காலையில் ஆட்டோவோடு வாசலில் நின்றார். ஒரு வாரம் கழித்து ஆச்சி கறுப்புக் கண்ணாடியோடு வந்து, நான் கொடுத்த இருபது ரூபாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கிழிஞ்சிருக்கே, வேற குடுங்க" என்றார்.

முகாம் என்றால் என்ன நடக்கும் என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவம் முழுவதும் மருத்துவமனையின் பொறுப்பு. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, டாக்டர் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அவர்கள் செய்வார்கள். புரை இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து அன்றைக்கே பஸ்ஸில் அழைத்துப் போவார்கள். ஊர்ச் சங்கத்தின் வேலை இடம் பிடிப்பது, ஊர் ஊராகச் சொல்வது, நாற்காலி, தண்ணீர், சாப்பாடு, வயதானவர்களைக் கைபிடித்து உட்காரவைப்பது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். அது நடக்காவிட்டால் அந்தப் பஸ் காலியாகத்தான் திரும்பும்.

இந்த முறை நம் மண்ணிலேயே வளர்ந்தது. வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடுதான் அறுவை செய்தார். (நான் ஓய்வு பெற்றதும் முதலில் வாங்கியது சாய்வு நாற்காலி.) 1988-ல் திருநெல்வேலிக்கும் அந்த மருத்துவமனை வந்தது. கிராமத்து முகாம்களை எடுத்து நடத்த அவர்கள் நம்பியது லயன்ஸ், ரோட்டரி போன்ற உள்ளூர்ச் சங்கங்களையும் ஊர்ப் பெரியவர்களையும்தான்.

லயன்ஸ் சங்கத்துக்குக் கண்ணில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1925-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நடந்த அவர்கள் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் நேரில் வந்து, பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்ததை அவர்கள் இன்றுவரை விடவில்லை. 1992-ல் மதுரையில் லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிலையம் வந்தது அவர்கள் உதவியாலும் சேவா அறக்கட்டளையின் உதவியாலும்தான். ஆசியா, ஆப்பிரிக்கா நாடுகளின் கண் மருத்துவமனைக்காரர்கள் அங்கே வந்து, முகாம் நடத்துவது உட்பட நிர்வாகம் கற்றுப் போகிறார்கள். அதே ஆண்டு தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவுக்கு வாங்கிய கண் லென்ஸை, பத்து டாலர் அளவுக்குச் செய்து காட்டியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பழகிய வேலை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ரோட்டரியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. எங்கள் கிளையில் என் வயதுக்காரர் ஒருவர் காலிப்பர் மாட்டிய காலோடு மாடிப்படி ஏறி ஸ்ட்ராங் ரூம் சாவி கொண்டுவருவார். இளம்பிள்ளைவாதம். எங்கள் தலைமுறையில் எல்லாத் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தார். ரோட்டரி அறக்கட்டளைக்கு முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். கணக்குப் பிள்ளை என்பதால் இந்தத் தொகை எனக்கு மறப்பதில்லை. அந்த ரோட்டரிதான் 1985-ல் போலியோவை உலகத்திலிருந்தே ஒழிக்கப் பணம் திரட்டக் கிளம்பியது. 12 கோடி டாலர் என்று இலக்கு வைத்து, 1988-க்குள் அதைப்போல் இரண்டு மடங்கு சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு உலகில் மூன்றரை லட்சம் குழந்தைகளைப் போலியோ முடக்கியதாகக் கணக்கு. நம் நாட்டில் 2009-ல்கூட 741 பேர். கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27-ல் நம் பகுதி நாடுகள் எல்லாம் போலியோ இல்லாதவை என்று சான்று கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேலை இன்னும் முடியவில்லை.

பணம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. சொட்டு மருந்து கொடுத்த பிறகு வீடு வீடாகப் போய், முடிந்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் 'பி' என்றும், விட்டுப்போன வீட்டில் பெருக்கல் குறியும் போட்டார்கள். பெருக்கல் குறி போட்ட வீட்டுக்குத் திரும்பவும் போனார்கள். ஆச்சி வீட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை. அண்ணாச்சி போனார்.

இனி உங்கள் ஆட்சேபங்கள். ஹால் தரைத்தளத்தில் இருக்கிறது, லிஃப்ட் தேவையில்லை. பின்வாசலைத் திறந்தால் குடியிருப்புப் பக்கம் யாரும் வரவேண்டியதில்லை. தண்ணீருக்கு ஒரு லாரி லோடு சங்கமே ஏற்கிறது என்று எழுதிக் கேட்டு வாங்கலாம். கழிப்பறை சுத்தம் செய்ய இரண்டு ஆட்களுக்கான கூலியை நான் தருகிறேன். கார்கள் அன்று காலை மட்டும் தெருவில் நிற்கட்டும். ஃப்ளெக்ஸ் ஒன்றுக்கு மேல் கூடாது, மேடை கூடாது என்றும் நிபந்தனை போடுவோம். அதற்கு என் முழு ஆதரவு உண்டு.

ஹால் கொடுத்தாலும் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் தாய் தந்தையர், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், நம் வீட்டுப் பெரியவர்கள் இவர்களில் யார் போகாமல் இருக்கிறார்கள், ஏன் போகவில்லை என்று ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் கேட்டு எழுத வேண்டும். கூடத் துணைக்குப் போக நாலு பேர் வேண்டும். 'ஏ' பிளாக்குக்கு என் பெயரைச் செயலாளர் எழுதிக்கொள்ளட்டும். மற்ற மூன்று பிளாக்குக்கும் இப்போதே கை தூக்கிவிட்டால், டிபனுக்குப் போகலாம்.