கூரையில் பெட்டி, அறையில் மூளை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி வட்டாரத் தொழிற்கூடங்களில் வைஃபை அமைப்பது என் தொழில். தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் ரேடியோ அலைக்குப் பகை. ஆகவே பெரிய ஷெட் என்றால் பத்துப் பதினைந்து அக்சஸ் பாயின்ட் மாட்ட வேண்டும். அவற்றைத் தனித்தனியே விட்டால் ஆளுக்கொரு தாளம் போடும். யார் எந்தச் சேனலில், எவ்வளவு சக்தியில் பேசுவது என்று முடிவு செய்யத்தான் கண்ட்ரோலர்.

பெட்டிக்குக் கண்ட்ரோலரைத் தெரிவது எப்படி? ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் கூவிக் கேட்கும். ரூட்டரைத் தாண்டி இருந்தால் டிஹெச்சிபி 43-ஆம் ஆப்ஷனோ டிஎன்எஸ் பெயரோ விலாசம் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் சான்றிதழ் காட்டிக்கொள்வார்கள். 2009-இல் வந்த கேப்வேப் தரத்தில் கட்டளைக்கு யுடிபி 5246, தரவுக்கு 5247. ஃபயர்வாலில் இவை அடைபட்டிருந்தால், "சார், லைட்டு எரியுது, நெட் வரல" என்று போன் வரும். கண்ட்ரோலரின் கடிகாரம் தேதி தவறிக் கிடந்தாலும் போச்சு, நல்ல சான்றிதழே செல்லாததாகிவிடும்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு குடோன், பெயர் வேண்டாம். கண்ட்ரோலர் நகரத்துத் தலைமை அலுவலகத்தில். ஒருநாள் சாலையில் பள்ளம் தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. ஸ்கேனர் எல்லாம் நின்றது. லாரிகள் வாசலில் வரிசை கட்டின. இத்தனைக்கும் சரக்குக் கணக்கு வைத்திருக்கும் சர்வர் அதே கட்டடத்தில்தான்! ஸ்கேனர் பேச்சு நகரம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. தரவை அங்கேயே இறக்கிவிடும் லோக்கல் ஸ்விட்சிங்குக்கு மாற்றினோம். லாகின் சரிபார்ப்பையும் குடோனிலேயே வைத்தோம். இல்லையென்றால் புதிதாக வரும் ஸ்கேனர் உள்ளே நுழைய முடியாது.

மையத்தில் மூளை, வெளியே எளிய பெட்டி என்ற யோசனை நம் ஊருக்குப் புதிதல்ல. 1990-களில் சென்னை ஐஐடியும் மைடாஸ் நிறுவனமும் உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசியில், பேஸ் ஸ்டேஷன்கள் ஒரு மைய யூனிட்டோடு செப்புக் கம்பியால் இணைந்தன. பேச்சும் மின்சாரமும் அந்தக் கம்பிகளிலேயே போயின. இன்று ஈதர்நெட் கேபிளே அக்சஸ் பாயின்ட்டுக்கு மின்சாரமும் தருவதைப் பார்க்கையில் அந்த ஞாபகம்தான் வருகிறது.

மாணவச் செல்வங்களே, கம்பெனிப் பெயர்களும் மெனுக்களும் மாறும். டிஹெச்சிபி, டிஎன்எஸ், சான்றிதழ், கடிகாரம் இவற்றை அடித்தளமாகப் படியுங்கள். எந்த வரைபடம் போட்டாலும் நடுக்கோட்டை ஒருமுறை விரலால் மறைத்து, "இது அறுந்தால் யார் வேலை நிற்கும்?" என்று கேளுங்கள். வாசலில் காத்திருக்கும் லாரி டிரைவருக்கு அதுதான் முக்கியம்.