நள்ளிரவில் பிடிக்கும் கெண்டைக்கால்

இரவு இரண்டு மணி இருக்கும். வீடே உறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓர் அலறல். பதறி எழுந்து விளக்கைப் போட்டால், வீட்டிலுள்ள பெரியவர் படுக்கையில் பாதி எழுந்து, ஒரு காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார். தொட்டுப் பார்த்தால் கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இருக்கும். ஒன்றிரண்டு நிமிடங்களில் அது தானாகவே விட்டுவிடும். ஆனால் அந்த வலியின் மிச்சம் மறுநாள் மாலை வரையிலும் காலைவிட்டுப் போகாது. இதைக் குரக்குவலி என்பாரும் உண்டு. நம் தோட்டங்களில் ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று சொல்வதுதான் வழக்கம்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, அதற்காக அன்றாடம் மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களுக்கு, இந்தப் பிடிப்பு வந்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு. நாங்கள் மருத்துவர்கள் அல்லர்; தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். ஆயினும் இந்த விஷயம் எங்கள் வீட்டிலேயே நடந்து, ஒரு தவறு செய்து, அதன் பிறகு கற்றுக்கொண்டது. ஆகவேதான் பேசத் துணிந்தோம்.

2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர். 2023ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுமைக்குமான எண் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தாலும் அது ஆறு பேரில் ஒருவர். ஆகையால் இந்த உரையைக் கேட்கும் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, காண்டா வாளியோடு மேடும் பள்ளமுமாக நடந்து தேய்ந்த கால்கள் அவருடையவை. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் இரவு கெண்டைக்கால் பிடித்தது. வாரத்தில் இரண்டு முறை, மூன்று முறை என்று அது வளர்ந்தது. “தம்பி, காலைக் கொஞ்சம் இழுத்து விடுடா” என்று அவர் கூப்பிடும் குரலுக்கு நாங்கள் தூக்கத்திலேயே எழுந்து போகப் பழகிவிட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா நல்லவர், அம்மாவுக்கு உயிர்த்தோழி. அவர் சொன்னாராம்: “எல்லாம் அந்தக் கொழுப்பு மாத்திரை செய்யிற வேலைதான். நான் எப்பவோ நிறுத்திட்டேன். நீங்களும் நிறுத்திப் பாருங்க.” அம்மாவும் நிறுத்திவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்து, பழைய பால் டின் ஒன்றில் போட்டு வந்திருக்கிறார். வீணாகக் குப்பையில் எறிய மனம் வரவில்லையாம்.

இதில் ஒரு பெரிய சங்கடம் என்னவென்றால், அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. பொட்டலங்களின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பதெல்லாம் மலாய். இரண்டு வகை வெள்ளை மாத்திரைகள் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. கொழுப்பு மாத்திரை என்று எண்ணி அவர் நிறுத்தியது இனிப்புநீர் மாத்திரையை. பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே எங்கள் தொழில். ஆனால் சொந்த வீட்டில், பெற்றவள் எந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இதை இங்கே சொல்லும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிறுத்திய பிறகு பிடிப்பு நின்றதா? இல்லை, அதிகமானது. மூன்றாவது வாரத்தில் இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். நாக்கு வறண்டது. இரண்டு கால்களும் மாறி மாறிப் பிடித்தன. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 19 மில்லிமோல் காட்டியது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சிறுநீரோடு வெளியேறும். வெளியேறும்போது உடம்பின் நீரையும் உப்புச் சத்துகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நீரும் உப்பும் குறைந்த உடம்பில் சதை எளிதில் பிடித்துக்கொள்ளும். அதாவது, பிடிப்புக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியதே பிடிப்பைக் கூட்டிவிட்டது.

அன்று சுகாதார நிலையத்தில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர், மலாய்க்காரர். அவர் முதலில் கேட்டது மருந்துப் பையை. மேசைமேல் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, “இதை எந்த வேளையில் போடுகிறார்?” என்று கேட்டார். நாங்கள் அம்மாவிடம் தமிழில் கேட்டுச் சொன்னோம். அப்போதுதான் இன்னொன்று வெளிப்பட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ‘தண்ணி மாத்திரை’யைக் காலையில் போட வேண்டியவர், பகலில் வெளியே போனால் கழிப்பறைக்கு அலைய வேண்டியிருக்கிறதே என்று இரவில் போட்டு வந்திருக்கிறார். அந்த மாத்திரையின் வேலையே சிறுநீரைக் கூட்டுவதுதான். அதோடு பொட்டாசியம் என்னும் உப்புச் சத்தும் வெளியேறும். இரத்தத்தைச் சோதித்ததில் அது 3.1 என்று இருந்தது; 3.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவர் அந்த மாத்திரையை மாற்றினார். இனிப்புநீர் மாத்திரையைப் பழையபடி தொடரச் சொன்னார். கொழுப்பு மாத்திரையில் கை வைக்கவில்லை.

அந்தக் கொழுப்பு மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்றெல்லாம் பெயர் இருக்கும். இவற்றால் சிலருக்குச் சதை வலி வருவது உண்மை. ஆனால் பெரிய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 2022இல் வெளியிட்ட கணக்கில், இந்த மாத்திரை சாப்பிட்டுச் சதை வலி என்று சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலிக்குக் காரணம் மாத்திரை அன்று என்று தெரிந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு வலி என்று சொல்லியிருந்தார்கள். இனிப்புநீர்க்காரருக்கு மாரடைப்பு வராமல் தடுக்கக் கொடுக்கும் மாத்திரை அது. அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டு நிறுத்தத் தக்கதன்று. தொடை, தோள் என்று இரு பக்கமும் சதை வலித்து, பலம் குன்றி, சிறுநீரும் தே-ஓ நிறத்தில் போனால் அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சரி, கால் பிடித்துக்கொண்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது? நாம் படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கெண்டைச் சதை குறுகிக் கிடக்கிறது. குறுகிய சதை இன்னும் குறுகி இறுகுவதே பிடிப்பு. ஆகவே அதை நீட்ட வேண்டும். முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து மெல்ல முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். கைக்கு எட்டாதவர்கள் ஒரு துண்டைப் பாதத்தில் கோத்து இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை இளகிய பிறகு கையால் தேய்த்து விடலாம். இருட்டில் துள்ளி எழுந்து நிற்க முயன்று வயதானவர்கள் விழுந்துவிடுவதுண்டு. விளக்கைப் போட்டுவிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.

வெந்நீர் வைத்தியத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைப்பதும், சுடு தண்ணீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுப்பதும் நம் வீடுகளில் கைகண்ட முறைகள். மற்றவர்களுக்குச் சரி. பல ஆண்டுகள் இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் கொதிக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதை அந்தக் கால் சொல்லாது. தோல் வெந்து கொப்புளமாகி, கொப்புளம் புண்ணாகி, ஆறாத புண்ணால் விரலையோ காலையோ இழக்கும் நிலை வரை போகலாம். கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு அதன்மேல் சூடு வைப்பதும் அப்படித்தான்.

‘இளநீர் குடி, வாழைப்பழம் தின்னு, பொட்டாசியம் ஏறும்’ என்பது அடுத்த யோசனை. எங்கள் அம்மாவுக்குக் குறைந்திருந்தது என்றால் எல்லாருக்கும் குறைந்திருக்கும் என்று பொருளில்லை. இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பெரிண்டோபிரில் போன்ற அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிடக்கூடும். அவர்கள் இளநீரும் பழமுமாக உள்ளே தள்ளினால், கூடிய பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இரத்தச் சோதனையில் என்ன எண் வந்தது என்று கேட்டுக்கொண்ட பிறகே இதெல்லாம். டின்களில் விற்கும் விளையாட்டு வீரர் பானங்களில் சர்க்கரை இருப்பதையும் மறக்கக் கூடாது. மெக்னீசியம் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: வயதானவர்களின் கால் பிடிப்புக்கு அதனால் சொல்லத்தக்க பலன் இல்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2020இல் எழுதியிருக்கிறார்கள்.

மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கசப்பு மருந்தைக் கால் பிடிப்புக்கும் கொடுத்து வந்தார்கள். பிடிப்பை ஓரளவு குறைக்கும்தான். ஆனால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய அணுக்களைக் குறைத்துவிடும், இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் என்று கண்டு, அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலேயே கால் பிடிப்புக்கென்று கடைகளில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். அது இரத்தச் சர்க்கரையையும் திடீரென்று இறக்கக்கூடியது. இனிப்புநீர் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. எவரேனும் கொயினா வாங்கிக் கொடுத்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

செலவில்லாத ஒன்று உண்டு. 2012இல் நெதர்லாந்து நாட்டில், 55 வயதைத் தாண்டிய 80 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினர் ஆறு வாரங்கள் தூங்கப் போகுமுன் காலை நீட்டும் பயிற்சி செய்தார்கள். மறு பாதியினர் செய்யவில்லை. செய்தவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், முழங்கால் மடங்காமல், உடம்பை மட்டும் முன்னே சாய்க்க வேண்டும். கெண்டைச் சதை இழுபடுவது தெரியும். பத்து முதல் இருபது வரை எண்ணிவிட்டு நிமிர வேண்டும். இப்படி மூன்று முறை. நிற்கத் தடுமாறுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் செய்யலாம்.

எல்லாக் கால் வலியும் பிடிப்பு அன்று என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டு, மறுபடி நடந்தால் வலித்தால் அது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பாதம் எரிவதும், எறும்பு ஊர்வதுபோல் இருப்பதும், பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருப்பதும் நரம்பு கெட்டதன் அடையாளம். மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடும் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இந்த மரமரப்பு வரும். சோதித்துப் பார்த்தால் தெரியும், மருந்தும் உண்டு. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அது இரத்தம் குழாய்க்குள் உறைந்ததாக இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் படம் இருக்கிறது. காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்குப் பிறை, சாப்பிட்ட பிறகு போடுவதற்குத் தட்டு. வரைந்தவள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள். பக்கத்து வீட்டு அக்காவும் தம்முடைய பையைக் கொண்டுவந்து வரையச் சொல்லி வாங்கிப் போனார். அவர் அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நிறுத்திய மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். உடன் போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

பிடிப்பு அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். மாதத்துக்கு ஒரு முறை, இரு முறை வருகிறது. மாலையில் சமையலறைச் சுவரில் கையூன்றி நிற்கும்போது அம்மா சொல்வார்: “மரம் வெட்டுறப்ப மேட்டுல ஏறி நின்னா இப்படித்தான்டா இழுக்கும்.” எண்ணுவது மட்டும் எங்கள் வேலை. இருபது வருமுன் நிறுத்தினால் ஏசுவார்.