கோவையிலிருந்து கம்பத்துக்கு: ஒரு சைக்கிள் பயணமும் ஒரு திருத்தமும்

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க சைக்கிள் பயணத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க, நாலு பேருக்கு ஊக்கமா இருக்கும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஊக்கம் தருவதற்கு முன்னால் ஒரு கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசுவதாகச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மகன் பிரான்சில் போர்தோ நகரத்தில் வேலை பார்க்கிறான். 2023 ஜூலையில் நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். அங்கே வாடகை சைக்கிள் எடுத்து மகனோடு நான்கைந்து நாள் சுற்றினேன். போர்தோவுக்குத் தெற்கே லாந்த் என்ற பகுதி முழுவதும் பைன் காடு. சுமார் 10 லட்சம் ஹெக்டேர். இவ்வளவும் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு என்றால் நம்ப முடியவில்லை. ஒரு காலத்தில் அது மணலும் சதுப்புமாகக் கிடந்த மேய்ச்சல் நிலமாம். ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீரில் கால் படாமல் இருக்க உயரமான மரக்கால்களைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்களாம். 1857-ல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஊர்ப் பொது நிலங்களில் நீரை வடித்து மரம் நட வேண்டும் என்று சட்டம் வந்தது. மேய்ச்சல் போய், பைன் பிசினும் மரமும் வருமானமாயின.

போர்தோவின் கிழக்குப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். அங்கே பழைய ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 1937-ல் டூர் டி பிரான்ஸ் போட்டியில் வென்ற ரோஜே லாபெபி என்பவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கியர் மாற்றும் கருவியை அந்தப் போட்டியில் பயன்படுத்த முதன்முதலாக அனுமதித்ததும் அதே ஆண்டுதான். பழைய ரயில் நிலையங்களில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கொடிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லாந்த் பகுதி தட்டையான பூமி. ரயில் பாதையோ மேடு பள்ளத்தை ஏற்கெனவே வெட்டி நிரவிய வழி. அங்கே நான் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் சிரமமில்லாமல் மிதித்தேன். சிரமமில்லாததற்குக் காரணம் பாதைதான். எனக்கென்னவோ அது என் கால்களின் பெருமை என்று தோன்றிவிட்டது.

ஊருக்கு வந்ததும் ஒரு யோசனை. பைன் காடும் திராட்சைத் தோட்டமும் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டுமா? கொடைக்கானலில் பைன் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை இருக்கிறது. என் பழைய நண்பர், ஓய்வுபெற்ற மில் பிட்டர், சேர்ந்துகொண்டார். பஞ்சர் ஒட்ட வேறு ஆள் வேண்டியதில்லை. ஒரு வருஷம் பேரூர், தொண்டாமுத்தூர் என்று விடியற்காலையில் ஓட்டிப் பழகினோம். தை மாதம், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் கிளம்பினோம்.

முதல் நாள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். உடுமலையில் தங்கிவிட்டு மறுநாள் போகலாம் என்று நண்பர் சொன்னார். நான்தான் ஒரே நாளில் பழனி என்று பிடிவாதம் பிடித்தேன். மகனிடம் சொல்லிக்கொள்ள வேண்டுமே! வழி முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி, தோளில் காவடி, தலையில் ஒரு துணி மூட்டை. எழுபது வயது தாண்டிய அம்மாக்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நான் மட்டும் கைபேசியில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இரண்டாம் நாள் பழனியிலிருந்து கொடைக்கானல். 64 கிலோமீட்டர். பழனி கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடி, கொடைக்கானல் ஏழாயிரம் அடி. வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. பிறகு அது விடுவதேயில்லை. நான் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினவன். வழியில் எதுவும் சாப்பிடவில்லை. நண்பர் மூன்று தடவை "கொஞ்சம் உக்காரலாமுங்க" என்றார். நான் நிற்கவில்லை.

சவரிக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. குளிர்ந்த வியர்வை. வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. சைக்கிளை எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது, சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அரையடி தள்ளிப் போயிருந்தால் பள்ளம். நண்பர் என் பையைத் துழாவி, வீட்டுக்காக வாங்கியிருந்த பஞ்சாமிர்த டப்பாவை உடைத்து, விரலால் எடுத்து வாயில் ஊட்டினார். பத்து நிமிடத்தில் தெளிவு வந்தது. பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது உயிர் கொடுத்ததும் இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மலையேறிய ஒரு மினி லாரி நின்றது. ஓட்டுநர் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்துவிட்டு, "ஏறுங்கய்யா. மலை எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். இரண்டு சைக்கிளையும் பின்னால் போட்டுக்கொண்டு பெருமாள்மலை வரை போனோம். அங்கே சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, மீதியைத் தள்ளியும் மிதித்தும் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் சைக்கிளோடு ஒரு படம் எடுத்தேன். "கோவை டு கோடை, சைக்கிளில்" என்று எழுதி நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உங்களில் பலர் வாழ்த்தினீர்கள். "இந்த வயசுல மலையே ஏறிட்டாரு" என்று எழுதினீர்கள். நான் கைகூப்பும் படம் போட்டேனே தவிர, லாரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

அன்று பைன் காட்டுக்குப் போனோம். தூண் பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. லாந்தில் பார்த்த அதே நெட்டை மரங்கள், அதே ஊசி இலை மெத்தை, அதே அமைதி. இதுவும் நட்டு வளர்த்த காடுதான், வெள்ளைக்காரர் காலத்தில் ஆரம்பித்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பழனி மலையின் உச்சியில் இயற்கையாக இருந்தவை புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். மழையைப் பிடித்து வைத்து ஓடைகளில் மெதுவாக விடும் வேலையை அவை செய்துவந்தன. மரத்துக்கும் விறகுக்கும் என்று பைன், யூகலிப்டஸ், சீகை மரங்களை வைத்தார்கள். புல்வெளி சுருங்கியது. இப்படிப் பரவிய அந்நியச் செடிகளை அகற்றி, பழைய காட்டை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. அதே 2022 கோடையில் லாந்த் பைன் காடுகளில் பெரும் தீ பிடித்து 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்தக் கரிந்த மரங்களை நான் நேரில் பார்த்தேன். ஒரே வகை மரத்தை மைல் கணக்கில் வைப்பதன் விலை அது. பஸ்ஸில் போகிறவருக்குப் பைன் காடு ஒரு படம் எடுக்கும் இடம். சைக்கிளில் போனால் பைன் முடிந்து சோலை ஆரம்பிக்கும் இடத்தில் காற்றின் ஈரம் மாறுவதே உடம்புக்குத் தெரிகிறது.

நான்காம் நாள் இறக்கம். டம்டம் பாறை, காட்ரோடு, பெரியகுளம் வழியாகத் தேனி. இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிட்டோம். இந்தத் தடவை நண்பர் சொன்னபடியெல்லாம் கேட்டேன்.

ஐந்தாம் நாள் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். 40 கிலோமீட்டர் அளவுக்குத்தான். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பூமி. வயலும் தென்னையும் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். பிரான்சில் கொடி இடுப்பளவு. இங்கே கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். குனிந்து உள்ளே போனால் கறுப்புக் குலைகள் நெற்றியில் இடிக்கின்றன. அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, செப்டம்பரை ஒட்டி. இங்கே குளிர்காலத் தூக்கமே கொடிக்குக் கிடையாது. கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம். வருஷத்துக்கு இரண்டு மகசூலுக்குக் குறையாது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுப்பு நடக்கும். எந்த மாதம் போனாலும் பழம் உண்டு.

இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள். நான் பிரான்சைத் தேடிக் கம்பம் போனேன். பிரான்ஸ் எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தது!

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் ஓர் அம்மா பழம் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ வாங்கினோம். "எங்கிருந்து வாரீங்க?" என்றார். கோயமுத்தூர் என்றேன். "இம்புட்டுத் தூரமும் சைக்கிள்லயா?" என்று கேட்டார். வாய் "ஆமா" என்று ஆரம்பித்துவிட்டது. நண்பர் எதுவும் பேசவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நடுவுல கொஞ்ச தூரம் லாரியிலம்மா. எனக்கு மயக்கம் வந்துருச்சு" என்றேன். "அதுக்கென்ன, நல்லபடியா வந்துட்டீங்கள்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் நான்கு நாளாகத் தூக்கிச் சுமந்த விஷயம் அவருக்கு ஒன்றுமேயில்லை.

முன்பின் தெரியாதவரிடம் சொன்னதை உங்களிடம் சொல்ல இத்தனை நாளாகிவிட்டது. இப்போதும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. போன மாதம் நம் குடியிருப்பிலேயே ஒரு நண்பர் புதுக் கியர் சைக்கிளோடு வந்து நின்றார். என்னைவிட மூத்தவர், சர்க்கரையும் உண்டு. "நீங்களே கொடைக்கானல் ஏறிட்டீங்க, நான் கோத்தகிரி ஏற மாட்டனா? அடுத்த ஞாயிறு தனியாவே போறேனுங்க" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் படத்தை நம்பி ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து தனியாக மலையேறப் போகிறார். காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதைப் பேச அவர்தான் தைரியம் கொடுத்தார்.

பிரான்சில் சைக்கிள் சுற்றுலாவுக்கே தந்தை என்று ஒருவரைச் சொல்வார்கள். போல் தெ விவி, 1853-ல் பிறந்தவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு ஏழு விதிகள் வகுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, களைத்து விழும் வரை போகாதே என்பவை அவற்றில் சில. பயணத்தின்போது ஒயின் வேண்டாம் என்பதும் உண்டு. திராட்சை நாட்டுக்காரரே சொல்கிறார்! ஏழாவது, வீம்புக்காக மிதிக்காதே என்பது. சாப்பாட்டு விதியையும் ஏழாவதையும் நான் ஒரே காலையில் மீறினேன்.

ஆகவே போக விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள், ஓட்டும் நாளில் எப்படிப் போடுவது என்று அவரிடமே கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எதையாவது சாப்பிடுங்கள். கடலை மிட்டாய் போதும், மலை வாழைப்பழம் இன்னும் நல்லது. முதல் பயணம் சமவெளியில் இருக்கட்டும். ஆனைமலை வரை போய் வாருங்கள், தென்னை நிழலும் வாய்க்காலும் கூடவே வரும். மலை வேண்டுமென்றால் ஏற்றத்துக்கு வண்டி, இறக்கத்துக்கு சைக்கிள் என்று போனாலும் குற்றமில்லை. சைக்கிளில் போவது ஊரைப் பார்க்க. பரீட்சை எழுத அல்ல.

வங்கியில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவன் நான். தவறான பதிவை அங்கே சுரண்டி அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும், திருத்தியது யார் என்றும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் படத்தை நான் நீக்கவில்லை. அதன் கீழேயே நேற்று எழுதிவிட்டேன்: "சவரிக்காடு முதல் பெருமாள்மலை வரை லாரியில்."

அடுத்த மாதம் அந்த நண்பரும் நாங்கள் இருவரும் ஆனைமலை போகிறோம். வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். காலை ஐந்தரைக்கு நம் கேட்டில் கிளம்புகிறோம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.